ஒற்றைத் தோளில் ஏற்றாதீர்கள்

சி.சு. செல்லப்பா பேச்சை எடுத்தால் எங்கள் ஒத்தக்கடை இலக்கிய நண்பர்கள் உருகிவிடுவார்கள். வத்தலக்குண்டுக்காரர், மதுரைக் கல்லூரியில் படித்தவர், நம்ம பக்கத்து மனுஷர் என்ற உரிமை வேறு. 1959 ஜனவரியில் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. ந. பிச்சமூர்த்தி, நகுலன், பசுவய்யா, சி. மணி, பிரமிள் என்று புதுக்கவிதையின் முதல் வரிசையே அதில் எழுதியது. செல்லப்பாவோ புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு, விற்பதற்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்.

இதைக் கேட்டுக் கண் கலங்காத இலக்கிய வாசகர் கிடையாது. எனக்கும் ஒரு காலத்தில் கலங்கியது. எழுபதைத் தாண்டியபின் கோபம்தான் வருகிறது. இத்தனை பேர் எழுதிய இதழுக்கு, மூட்டையில் ஒரு கை பிடிக்க ஆளில்லாமலா போனது? தியாகி என்று பட்டம் கொடுத்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம். நாம் அதில் கெட்டிக்காரர்கள்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவாவும் அப்படித்தான். சலூன் தொழிலாளி. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கி, சைக்கிளில் வைத்து அவரே தெருத்தெருவாக விற்றார். நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். வணங்க வேண்டிய உழைப்பு. அந்த வழியில் போகச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் நான் புத்தி சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவர் வீட்டில் சம்பளமும் சமையலும் எப்படி நடந்தன என்று விழா மேடையில் யாரும் கேட்பதில்லை.

இதழைத் தனியாகத்தான் இழுக்க வேண்டும் என்றில்லை. 1971-இல் கோவைக் கவிஞர்கள் 'வானம்பாடி' இதழைக் கூடித்தான் நடத்தினார்கள், விலையில்லாமல் கொடுத்தார்கள். கூடினால் சண்டையும் வரும், பிளவும் வரும். வரட்டுமே.

யானைமலை அடிவாரத்தில் நாங்கள் சிலர் ஒரு சிற்றிதழ் நடத்திய காலத்தில் சண்டைக்குக் குறைவே இல்லை. ஒரு கவிதையைப் போடலாமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டுவோம். டீ வந்ததும் மெய்ப்புத் திருத்துகிறவர் ஒரு பக்கம், தாள் மடிக்கிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி முடிப்பதற்குள் காலையில் ஏசிக்கொண்டவர்கள் ஒரே பசைக் கிண்ணத்தில் கைவிட்டிருப்பார்கள்.

எங்களில் ஒருவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. கணக்கு நோட்டு அவரிடம் இருந்தது. யார் எவ்வளவு போட்டார்கள், அச்சகத்துக்குப் பாக்கி எவ்வளவு, எந்தக் கடை விற்ற பிரதிக்குக் காசு தரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். கவிஞர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். அந்த நோட்டு இல்லையென்றால் இரண்டாம் இதழே வந்திருக்காது.

இன்று கணினியில் பக்கம் வடிவமைத்துவிடலாம், ஈய எழுத்துக் கோர்க்க வேண்டியதில்லை. ஆனாலும் சந்தா கேட்கவும் பார்சல் கட்டவும் ஆள் வேண்டும். படைப்பு அனுப்புகிறவர் கூட்டத்தில் கால்வாசிப் பேர்கூடச் சந்தா கட்டுவதில்லை என்பது நான் கண்டது.

புதிதாக இதழ் தொடங்கும் தம்பி தங்கைகளே, ஆசிரியர் யார் என்று முடிவு செய்யும் முன் கணக்கு எழுதப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்த சிற்றிதழின் ஆண்டுச் சந்தாவை, அவர்கள் நினைவூட்டும் முன்பே அனுப்பிவிடுங்கள்.