ரிச்சி தெருவில் ஒரு மதிப்பீடு

சென்னை அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து சற்றே விலகி நரசிங்கபுரம் தெருவுக்குள் புகுந்து ரிச்சி தெருவை அடைகிறவர்கள், முன்னொரு காலத்தில் வானொலிப் பெட்டிகளின் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அந்தக் குறுகலான வீதிகள் இன்று கணினி என்னும் யந்திரத்தின் சகல அங்கங்களும் கிடைக்கும் பெருஞ்சந்தையாக விளங்குவதைக் காண்பார்கள். புத்தம் புதிய சரக்குகள் கண்ணாடி அலமாரிகளில் வீற்றிருக்கும் கடைகளைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. அக்கடைகளுக்கு மேலே, ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்கி நிற்கவேண்டிய மாடிப்படிகளின் உச்சியில், அலுவலகங்கள் கழித்துக் கட்டிய கணினிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, பரீட்சித்து, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்படி அனுப்பிவைக்கும் சிறு பணிமனைகள் இருக்கின்றன. அங்கே நடக்கும் தொழிலையும் அதைச் செய்கிறவர்களின் ஞானத்தையும் நேரில் அறியவேண்டும் என்ற ஆவலே என்னை அங்கே இட்டுச் சென்றது.

ஆவலுக்கு ஒரு குறிப்பான காரணமும் உண்டு. பழைய கணினி வாங்க நினைக்கும் மாணவர்களும் சிறு வியாபாரிகளும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ7-2600 என்ற பிராசஸரை வாங்குவதா, அல்லது கோர் ஐ5-3470 என்பதை வாங்குவதா என்பதுதான். முன்னது 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. பின்னது 2012-இல் வந்தது. முன்னது அந்தஸ்தில் உயர்ந்தது, பின்னது வயதில் இளையது. அந்தஸ்தா, வயதா என்ற இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி வாய்ந்தவர்கள், அவ்விரண்டையும் தினந்தோறும் கையில் எடுத்துப் பார்க்கிறவர்களே என்று எனக்குத் தோன்றியது.

நான் சென்ற பணிமனையின் தலைவரை அங்குள்ள எல்லோரும் 'பாய்' என்றே அழைத்தார்கள். நரைத்த தாடியும், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியும், பேச்சில் அவசரம் சிறிதும் இல்லாத சுபாவமும் உடையவர். அவருக்கு இருபுறமும் இரண்டு இளைஞர்கள் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். என் கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. ஒரு சிறிய டப்பாவைத் திறந்து, இரண்டு பிராசஸர்களையும் எடுத்து, விளிம்புகளை மட்டும் பிடித்தபடி என் முன்னே வைத்தார்.

"பார்த்துச் சொல்லுங்க சார், எது பெருசு?" என்றார்.

இரண்டும் ஒரே அளவுதான். பக்கத்துக்கு மூன்றே முக்கால் சென்டிமீட்டர் கொண்ட சதுரங்கள். மேலே சாம்பல் நிற உலோக மூடி. கீழே பொன்னிறத்தில் மின்னும் புள்ளிகள் 1155. ஒன்றின் மூடியில் எஸ்ஆர்00பி என்றும் மற்றதில் எஸ்ஆர்0டி8 என்றும் பொறிக்கப்பட்டிருந்ததே கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். அந்த எழுத்தைக்கூடப் பாய் முற்றிலும் நம்புவதில்லை. மூடியைத் தேய்த்து வேறு பெயரைப் பொறித்து விற்கும் வஞ்சகமும் சந்தையில் உண்டு என்பதால், கணினியில் பொருத்தி, அது தன்னை இன்னாரென்று தானே சொல்லும்வரையில் அவர் எந்தப் பிராசஸருக்கும் விலை சொல்வதில்லையாம்.

வெளித்தோற்றத்தில் ஒன்றான இவற்றின் உள்ளமைப்பில் இருக்கும் பேதத்தை இங்கே சொல்லிவிடுவது அவசியம். ஐ7-2600 என்பது 32 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. நான்கு கோர்கள், 8 மெகாபைட் கேஷ், 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகம், தேவைப்படும்போது 3.8 வரை உயரும் சக்தி, 95 வாட் வெப்ப அளவு ஆகியவை அதன் லட்சணங்கள். ஐ5-3470 என்பது 22 நானோமீட்டர் முறையில், டிரான்சிஸ்டரைத் தட்டையாக விடாமல் மேலெழும்பிய வடிவத்தில் அமைத்த புதிய நிர்மாணத்தோடு வந்தது. அதற்கும் நான்கு கோர்களே. கேஷ் 6 மெகாபைட், வேகம் 3.2-இலிருந்து 3.6 வரை, வெப்ப அளவு 77 வாட். மூத்ததற்கு இளையதிடம் இல்லாத ஒரு வித்தை தெரியும். ஹைப்பர்திரெடிங் என்ற அந்த ஏற்பாட்டினால், ஒரே சமையற்காரர் ஓர் அடுப்பில் உலை கொதிக்கக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த அடுப்பில் தாளித்துவிடுவதுபோல, அதன் ஒவ்வொரு கோரும் இரண்டு வேலைகளை மாறி மாறிக் கவனித்துக்கொள்ளும். இளையது அந்த வித்தையை அறியாவிட்டாலும், ஒவ்வொரு துடிப்பிலும் மூத்ததைவிடச் சற்று அதிகமான வேலையை முடிக்கும். அந்த அதிகம் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருக்கும்.

பரீட்சை தொடங்குவதற்கு முன் நடந்த ஆயத்தமே எனக்கு அன்றைய விசேஷமாக இருந்தது. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில், தலைமயிரைப் போல் மெல்லிய 1155 பின்கள் சாய்வாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று வளைந்தாலும் யந்திரம் எழுந்திருக்காமல் போகலாம். அல்லது ராம் பாதிதான் தெரிகிறது என்பதுபோன்ற மர்மமான கோளாறுகளைக் காட்டலாம். பாய் மேஜை விளக்கைத் தாழ்த்தி, போர்டைக் கையில் ஏந்தி மெள்ள மெள்ளச் சாய்த்தார். ஒளி பின்களின் நுனியில் பட்டு வரிசை வரிசையாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் அந்த ஒளிக்கோடு அறுந்து நின்றது. உடனே இளைஞர்களில் ஒருவர், "பாய், மூணாவது வரிசை" என்றார். பாய் மேஜை அறையிலிருந்து எடுத்தது, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மைக்ரோ டிப் பென்சில். அதில் எழுதுகுச்சி இல்லை. அந்தக் காலித் துளையை வளைந்த பின்னின் தலையில் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, தேவையான கோணத்துக்கு மேல் ஓர் இம்மியும் போகாமல் நிமிர்த்தினார். மறுபடியும் போர்டைச் சாய்த்தபோது ஒளிக்கோடு அறாமல் ஓடியது.

"இதுல பலம் காட்டக்கூடாது தம்பி, பின் ஒடிஞ்சா போர்டே போச்சு" என்று அவர் அந்த இளைஞரிடம் சொன்னார். பிறகு பிராசஸரின் மூடியில் பாறைபோல் இறுகிக் கிடந்த, வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்டை ஐபிஏ என்ற ஆல்கஹால் திரவத்தில் நனைத்த துணியால், ஒரே திசையில், சிரத்தையோடு துடைத்தெடுத்து, பட்டாணியளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்து ஹீட்சிங்கைப் பொருத்தினார். பழைய கணினி மெதுவாகிவிட்டது என்று ஜனங்கள் குறைகூறுவதில் பெரும்பகுதி இந்த உலர்ந்த பேஸ்டினாலும் தூசியடைந்த ஃபேனினாலும் வருவது என்பதும், உஷ்ணம் வரம்பு மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பதும், பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்று அதைப் பழிப்பது பல சமயங்களில் அநியாயம் என்பதும் அவருடைய அபிப்பிராயம்.

பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே போர்டு, ஒரே ராம், ஒரே எஸ்.எஸ்.டி. என்று சமமான நிலைமையை அவர் ஏற்படுத்தினார். சினிபெஞ்ச் என்ற சோதனையில் ஒரே ஒரு கோரை மட்டும் வேலை வாங்கியபோது இரண்டும் 130 என்ற புள்ளியைச் சுற்றியே நின்றன. மூத்ததின் கூடுதல் வேகத்தை இளையதின் நுட்பம் ஈடுசெய்துவிட்டது. எல்லாக் கோர்களையும் சேர்த்து வேலை வாங்கியபோது இளையது 470-ஐ ஒட்டி நின்றது. மூத்தது 600-ஐச் சற்றுத் தாண்டியது. ஐ5 ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை ஐ7 முக்கால் மணியில் முடித்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் வேலை எட்டாகப் பிரிக்கத்தக்கதாக இருந்தால்தான் இந்தப் பலன். கடிதம் தட்டச்சு செய்வதும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவதும், ரசீது போடுவதும் அப்படிப்பட்ட வேலைகள் அல்ல.

இந்த உண்மை அங்கே வந்த இரண்டு வாடிக்கையாளர்களின் மூலம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. ஒருவர் வெளியூரில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர், ஐ7 என்ற பெயரில் மோகம் கொண்டு வந்திருந்தார். பாய் அவருடைய வேலைகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். "உங்க வேலைக்கு ஐ5 தாராளம் சார். மிச்சப் பணத்துல எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை எட்டு ஜிபி ஆக்கிக்குங்க. உங்க கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்" என்றார். பழைய ஹார்டு டிஸ்க்கோடு இருக்கும் ஐ7-ஐவிட எஸ்.எஸ்.டி.யோடு இருக்கும் ஐ5, அத்தகைய வேலைகளில் விரைவானதாகத் தோன்றும் என்பதில் சந்தேகமே இல்லை. மற்றவர் கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவர். முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் ரெண்டரிங் ஓடுகிறது என்றார். அவருக்கு ஐ7-ஐ எடுத்துக் கொடுப்பதில் பாய்க்கு ஒரு கணமும் தயக்கமில்லை.

விலையையும் கவனிக்கவேண்டும். புதிதாக வந்த நாளில் இன்டெல் நிர்ணயித்த விலை ஐ7-2600-க்கு 294 டாலர், ஐ5-3470-க்கு 184 டாலர். ஒன்று மற்றதைப்போல 1.6 மடங்கு. அந்தப் பணிமனையில் பழைய சரக்கின் விலையிலும் ஏறக்குறைய அதே விகிதம் நிலவியது. செயல்திறனோ, மிகவும் சாதகமான வேலையில்கூட, 1.3 மடங்குதான் உயர்கிறது. ஆகவே கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் ஐ5-க்கே வெற்றி. நேரமே காசாக இருக்கிறவர்களுக்கு மட்டும் ஐ7. மின்செலவைக் காட்டி இளையதைப் புகழ்வோரும் உண்டு. 18 வாட் வித்தியாசத்தை முழுவதாக எடுத்துக்கொண்டு, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டாலும் 43 யூனிட்தான் வருகிறது. அந்த 18 வாட்டும் முழுப் பளுவில் மட்டுமே தோன்றக்கூடியது. சும்மா இருக்கும்போது பாயின் வாட் மீட்டரில் இரண்டுக்கும் பெரிய பேதம் தெரியவில்லை. ஆகையால் மின்கட்டணம் இந்த வழக்கில் வலுவான சாட்சி அன்று.

வலுவான சாட்சி வேறொன்று. அதை எந்தப் புள்ளிப் பட்டியலும் எனக்குச் சொல்லியிருக்காது. இரண்டு பிராசஸர்களும் ஒரே சாக்கெட்டில் உட்காரும் என்றாலும், எல்லாப் போர்டுகளும் இரண்டையும் ஏற்பதில்லை. எச்61, எச்67 முதலிய சிப்செட் கொண்ட போர்டுகள், பயாஸைப் புதுப்பித்தால் இளையதை ஏற்கும். அலுவலகக் கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் கியூ65, கியூ67, பி65 என்ற சிப்செட்டுகளுக்கு இன்டெல் அந்த அனுமதியை அளிக்கவில்லை. அவற்றில் 2011-இன் பரம்பரையே அதிகபட்சம். ஆகவே அப்படிப்பட்ட பெட்டியை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, அதை மேலும் வலுப்படுத்த இவ்விரண்டில் ஐ7-2600 ஒன்றே வழி. புதிதாக முழுப் பெட்டியை வாங்குகிறவருக்கோ, அடுத்த பரம்பரையின் கியூ77 போன்ற போர்டில் அமர்ந்த ஐ5-3470, யு.எஸ்.பி. 3.0 முதலிய வசதிகளையும் சேர்த்துத் தருகிறது. "பிராசஸரை மட்டும் பார்த்து வாங்கினவங்கதான் சார் திரும்பி வர்றாங்க, போர்டைப் பார்த்து வாங்கினவங்க வர்றதில்லை" என்று பாய் சொன்னது, பல ஆண்டு அனுபவத்தின் சாரம்.

இந்த யந்திரங்களுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அங்கீகாரம் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இதை மறைத்து விற்பது தர்மம் அன்று என்பதில் பாய் பிடிவாதமாக இருந்தார். இணைய வேலை செய்கிறவர்களுக்கு லினக்ஸை நிறுவி, அது எப்படி இயங்கும் என்பதை உட்காரவைத்துக் காட்டிய பிறகே அவருடைய இளைஞர்கள் பெட்டியை ஒப்படைத்தார்கள். அதனை விரும்பாதவர்களிடம், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு எட்டாம் தலைமுறைக் கணினியாகவே வாங்கும்படி சொல்லி, கைக்கு வந்த வியாபாரத்தையும் விட்டுவிட்டார்கள்.

நான் எந்த வழக்கோடு படியேறினேனோ அந்த வழக்குக்கு இப்போது என்னால் தெளிவாகப் பதில் சொல்லமுடியும். படிப்புக்கும் கணக்குக்கும் எழுத்துவேலைக்கும் புதிதாகப் பெட்டி தேடுகிறவர்கள் ஐ5-3470-ஐயும், அதோடு ஓர் எஸ்.எஸ்.டி.யையும் வாங்கலாம். காணொளித் தொகுப்பு முதலிய கனமான வேலை உள்ளவர்களும், 2011-இன் அலுவலகப் பெட்டியைக் கையில் வைத்திருப்பவர்களும் ஐ7-2600-ஐ நாடலாம். ஆனால் எதை வாங்கினாலும், பின்களை ஒளியில் சாய்த்துப் பார்த்து, பேஸ்டை மாற்றி, போர்டின் வரம்பைச் சொல்லி, உங்கள் வேலையையும் விசாரிக்கிற ஒருவரிடம் வாங்குங்கள். அவருடைய கூலி என்று நூறோ இருநூறோ விலையில் சேர்ந்திருந்தால் அதைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். குப்பைக்குப் போக இருந்த யந்திரத்தை ஒரு மாணவனின் மேஜைக்கு அனுப்பிவைக்கும் அந்தத் தொழிலுக்குப் பட்டமோ சான்றிதழோ தரும் கல்லூரி எதையும் நான் கண்டதில்லை. அந்த வித்தை மேஜைக்கு மேஜை, கைக்குக் கை மாறியே வளர்கிறது. அதைக் கற்கும் இளைஞர்கள் அந்தத் தொழிலிலேயே நிலைத்து நிற்பதும் நிற்காததும், நாம் அவர்களுடைய உழைப்புக்குக் கொடுக்கும் விலையைப் பொறுத்தே இருக்கிறது.