குளிர் வருமுன் ஒரு கதிரை போட்டு ஏறிப் பாருங்கள்



கண்டியில் என்ன குளிர் என்று கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். பகல் இரண்டு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்காக நிற்பவர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. அவரே ஜனவரி மாதத்தில் ஓரிரவு எங்கள் வீட்டில் தங்கி, சுபஹுக்கு எழுந்து வுழுச் செய்யக் குழாயைத் திறக்கட்டும். அதன் பிறகு பேசுவோம்.

இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். விடிந்து நெடுநேரம் வரை ஹந்தானை மலை பனிமூட்டத்துக்குள் மறைந்தே கிடக்கும். ஐரோப்பாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது குளிரே அல்ல. ஆனால் அங்கே வீடுகளைக் குளிருக்கென்றே கட்டுகிறார்கள். அக்குறணையிலும் மடவளையிலும் நாம் கட்டியிருப்பது வெயிலுக்கான வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி, ஜன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், வெறும் சீமெந்துத் தரை. இந்த வீட்டைத்தான் நாம் குளிருக்கு ஆயத்தப்படுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். ஒக்டோபர், நவம்பரில்தான் இங்கே மழை கொட்டித் தீர்க்கிறது. ஆகவே குளிர் வந்து சேரும்போது வீடு ஏற்கனவே நனைந்திருக்கும். குரங்குகள் புரட்டிவிட்ட ஓடுகளைச் சரிசெய்து, பீலியில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளிவிடுங்கள். விறகை மழைக்கு முன்பே வாங்கித் தாழ்வாரத்தில் அடுக்கியவர் கெட்டிக்காரர். ஈர விறகோடு மல்லுக்கட்டுவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையை வெட்டிக் கட்டிய வீடென்றால் பின்புற மண்மேட்டையும் பாருங்கள். சுவரில் புது வெடிப்போ, இதுவரை இல்லாத இடத்தில் சேற்று நீர் ஊற்றோ கண்டால் குளிரையெல்லாம் மறந்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவியுங்கள்.

வெயில் காயும் பகல் கிடைத்தால் இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணைகளையும் வெளியே போட்டு, வெயில் சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் அந்திப் பனி அதில் இறங்கிவிடும். தரையில் படுக்கும் பிள்ளைகளுக்கு மேலே இரண்டு போர்வை போடுவதைவிட, கீழே இரண்டு பாய் விரிப்பது மேல். சீமெந்துத் தரை கீழிருந்து உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வுழுவுக்கு ஒரு கேத்தல் தண்ணீர் சுட வைப்பதில் குற்றமில்லை. சிரமமான வேளையிலும் வுழுவை நிறைவாகச் செய்வதற்குக் கூலி உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். சிரமத்தைத் தேடிப்போய் அனுபவிக்கச் சொல்லவில்லை. வயதான உம்மாவைப் பச்சைத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு நாம் நன்மையைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு உங்களைக் கொஞ்சம் மேலே அழைத்துப்போக வேண்டும்.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா பஸ் ஏறுகிறது. றம்பொடை நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போதே ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிவிடுவார்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில காலைகளில் அங்கே புல்லின் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். 1840களில் சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறியபோது தங்கள் நாட்டு வழக்கப்படி வீடு கட்டினார்கள். பழைய பங்களாக்களின் கூரையில் புகைக்கூண்டு நிற்பதை இன்றும் காணலாம். அறைக்குள் நெருப்பு எரியும். புகையும் நச்சுக் காற்றும் கூண்டு வழியே வெளியேறிவிடும். நாமோ நெருப்பை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம், கூண்டை விட்டுவிட்டோம்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், ஒரு விடுமுறைக்கு நானுஓயாப் பக்கம் கூட்டாளி ஒருவரின் வீட்டுக்குப் போனோம். நாங்கள் நான்கு பேர். இஷாவுக்குப் பிறகு அவருடைய உம்மா அன்போடு ஒரு சட்டி நிறையச் சிரட்டைக்கரி தணலை அறையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, கெட்டித்தனமாக எல்லாத் துவாரத்தையும் அடைத்தோம். அறை இதமாகச் சூடேறியது. அப்படியே உறங்கிவிட்டோம்.

சுபஹுக்குக் கதவைத் தட்டியும் யாரும் எழவில்லை. உம்மா கதவைத் தள்ளித் திறந்தார். எனக்குத் தலை பிளந்தது. எழுந்தால் கால் நிற்கவில்லை. ஒருவர் வாந்தி எடுத்தார். இன்னொருவரைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் கிடத்த வேண்டியதாயிற்று. ஜின் கோளாறு என்றார் அயல் வீட்டுக்காரர். தண்ணீர் ஓதித் தந்தார்கள், குடித்தோம். அல்லாஹ்வின் கிருபை, நான்கு பேரும் பிழைத்தோம். அது ஜின் அல்ல, கரிச்சட்டிதான் என்று பின்னர் ஒரு வைத்தியர் விளக்கும் வரை நானும் ஜின் என்றே நம்பியிருந்தேன்.

கரி எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணல்தான் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். அந்தத் தணலிலிருந்தும் அது வந்துகொண்டேயிருக்கும். பிராண வாயுவைச் சுமக்க வேண்டிய இரத்தத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போகும். உறங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் தெரியாது.

நுவரெலியாவில்தானே இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். கண்டியில் எனக்குப் பயம் பிள்ளை பெற்ற வீடுகளைப் பற்றித்தான். தாய்க்கும் சிசுவுக்கும் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை மூடி, காற்றுத் துவாரத்தில் பழைய பத்திரிகையைச் செருகி, கட்டிலுக்கு அருகில் தணல் சட்டி வைக்கிறார்கள். சாம்பிராணி போட்டு முடிந்த பிறகும் சட்டி அங்கேயே இருக்கும். மாமி சொன்னால் மருமகள் மறுத்துப் பேசமாட்டாள். ஆகவே மாமிமாருக்கே இதை எழுதுகிறேன்.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்கள் பகைவன், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னதாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஓதிக் கொடுக்கும்போது விளக்குத் திரியை மட்டும் நினைத்துக்கொண்டு இந்த ஹதீஸைக் கடந்துபோன வருடங்கள் எனக்குண்டு.

அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள். தாய்க்குக் கம்பளிக் காலுறை போடுங்கள், சிசுவுக்குத் தொப்பி போட்டுத் தாயின் மார்போடு அணைத்துப் படுக்கவையுங்கள். தாய்க்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். தணலில் சாம்பிராணி போட்டே தீர வேண்டுமென்றால் தாயும் பிள்ளையும் வேறு அறையில் இருக்கும்போது ஜன்னலைத் திறந்து போடுங்கள். முடிந்ததும் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மூடிய அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால், கதவு ஜன்னல்களைத் திறந்து ஆளை வெளியே எடுத்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஓதிப் பார்ப்பது அதற்குப் பிறகு.

படுக்கையின் மட்டத்தில் வரும் வாடைக் காற்றை அடையுங்கள், திரை போடுங்கள். மேலே உள்ள துவாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போன வருடக் குளிருக்குச் செருகிய பத்திரிகைத் தாள் உங்கள் வீட்டில் இன்னும் அங்கேயே இருக்கலாம். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் ஒரு கதிரை போட்டு ஏறிப் பாருங்கள்.