மைக் கெட்டுப்போகவில்லை!

"ஹலோ... கேக்குதாடா?"

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மீஞ்சூர் மொட்டை மாடிகளில் எழும் குரல் இது. 2020-ல் பப்ஜி தடையான பிறகு, 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ.யில் நான்கு பேர் ஓர் அணி. எதிரி பின்னால் வருவதைச் சொல்லியும் நண்பன் காதில் விழாவிட்டால் ஆட்டம் போச்சு. உடனே, "அம்மா, புது ஹெட்செட் வேணும்!"

காசு கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. செட்டிங்ஸில் அந்த கேமுக்கு மைக் அனுமதி இருக்கிறதா? ஒயர் ஹெட்செட்டின் பின்னில் மூன்று வளையக் கோடுகள் இருக்க வேண்டும். இரண்டுதான் என்றால் அதில் மைக்கே இல்லை. புளூடூத்தில் மைக் திறந்ததும் சத்தம் போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும். அது பழுதல்ல, ஒயருக்கு மாறினால் தீரும். போனின் அடியிலுள்ள மைக் துளையைப் பவுச் மறைத்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம். ஊசியால் குத்தாமல், மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

மைக் சரியானதும் வீட்டுக்கு வேறு கவலை. சேனல் 'டீம்' என்றில்லாமல் 'ஆல்' என்று இருந்தால், ஆட்டத்தில் அருகே வரும் முன்பின் தெரியாதவர்களுக்கும் குரல் கேட்கும். கும்மிடிப்பூண்டி ரயிலின் ஹாரனோடு, அப்பா சத்தமாகப் படிக்கும் ஓ.டி.பி.யும் சேர்ந்தே போகும்! ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் திறந்திருந்தால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். அது அணைந்த பிறகு ஓ.டி.பி.யைப் படிக்கலாம், குடும்பக் கதையும் பேசலாம்.