மண்ணுக்கடியில் கிடந்தது

சலாலாவில் தென்னைக்குப் பஞ்சமில்லை. தஹாரீஸ் பக்கம் சாலையோரக் கடைகளில் இளநீரும் பப்பாளியும் வாழைத்தாரும் தொங்குவதைப் பார்த்து, "இது ஓமனா, பேராவூரணியா?" என்று வந்த அன்று கேட்டேன். மறுநாளே அங்கே ஒரு தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன்.

2018 மே 25, வெள்ளிக்கிழமை. ரமலான் மாதம். மெகுனு புயல் ரைசூத் பக்கம் கரையேறியது. மாலத்தீவு கொடுத்த பெயர், ஏதோ மீனாம். வருஷம் முழுக்கப் பெய்வதே நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர்தான். அன்று ஒரே நாளில் 278. வாழை முறிகிற சத்தம் பெரிதாக இருக்காது, ஈரத்துணி கிழிவதுபோலத்தான். அறைக்குள் தோட்ட வேலைக்காரர்கள் நாங்கள் நாலு பேரும் இரவெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விடிந்தால் கரண்ட் இல்லை, கடை இல்லை, ரோட்டை வாதியில், அதாவது காட்டாற்றில், வந்த வெள்ளம் அறுத்துப் போட்டிருந்தது. அரை மூட்டை அரிசி நனைந்துவிட்டது. கூட இருந்த வங்காளதேசத்துக்காரர் ஒன்றும் பேசாமல் மம்பட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனார். மேட்டுப்பாத்தியில் அவர் பொழுதுபோக்காகப் போட்டிருந்த சர்க்கரைவள்ளிக் கொடி சேறு பூசிக் கிடந்தது. வெட்டினார். உள்ளே கிழங்கு அப்படியே இருந்தது. மேலே நின்றதையெல்லாம் கொண்டுபோன காற்றுக்கு மண்ணுக்குள் வேலையில்லை. உப்புப் போட்டு அவித்து மூன்று நாள் தின்றோம்.

அதே வருஷம் நவம்பர் 16 விடியற்காலை ஊரில் கஜா புயல். இலங்கை வைத்த பெயர், யானை. வேதாரண்யத்தில் ஏறி எங்கள் பேராவூரணிப் பக்கத்தை மிதித்துவிட்டுப் போனது. நாலாம் நாள்தான் வீட்டுக்கு லைன் கிடைத்தது. "எல்லாம் சாஞ்சு போச்சுங்க" என்றாள் மனைவி. "எத்தனை மரம்?" என்று கேட்டேன். பிள்ளைகளைப் பற்றி அப்புறம்தான் கேட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்பா காலத்தில் அந்த நிலத்தில் நெல் விளைந்தது. கடைமடைக்குத் தண்ணீர் நம்பும்படி வரவில்லை, தென்னைக்கு மாறினோம். கையில் காசு புரண்டது, பத்தாயம் காலியானது. காசு வந்துகொண்டிருந்தவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. கஜாவில் விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் உலை கொதித்தது. ஆனால் குழம்புக்கு? "தோப்புக்காரி கடையில நின்னு தேங்கா வாங்குறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

மெகுனுக் கிழங்குக் கதையைச் சொன்னேன். மரம் பிடுங்கிய பள்ளங்களை மூடி, பாத்தி மேடாக்கி, தையில் கொடி நட்டாள். வேலியில் முருங்கைப் போத்து, கொல்லையில் கீரை. "தென்னை நின்ன எடத்துல கொடியா?" என்று அம்மா முணுமுணுத்தார்; பணத்தை வேண்டுமானால் மகன் அனுப்பட்டும் என்பது அவர் கணக்கு. எங்களுக்கோ அர்பாப், அதாவது தோட்ட முதலாளி, அப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார்.

வைகாசியில் பேசும்போது, பாதிக் கிழங்கை எலி தின்றுவிட்டது என்றாள்.

"மீதி?"

"அடுப்புல வெந்துக்கிட்டு இருக்கு. அத்தைதான் எறக்கச் சொல்லிக் கத்துறாங்க, போனை வைங்க."