பல்பு மங்கினால் பிழைத்தது

மயிலாப்பூரில் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த நண்பர் பரணிலிருந்து இறக்கிய பெட்டியைப் பார்த்தபோது அது தையல் மெஷின் என்றுதான் நினைத்தேன். அதே அளவு, மேலே அதேபோல் ஒரு கைப்பிடி. பக்கவாட்டில் இருந்த இரண்டு கொக்கிகளைத் தள்ளியதும் மூடி கழன்று விசைப்பலகை ஆனது. உள்ளே ஒன்பது அங்குலத் திரையும், பிளாப்பி செருக இரண்டு வாய்களும் இருந்தன. அது 1983இல் விற்பனைக்கு வந்த காம்பாக் போர்ட்டபிள். எடை பன்னிரண்டரைக் கிலோவுக்கும் மேல். நண்பரின் அப்பா எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது.

"காயலான் கடைக்காரர் பேப்பரோட சேர்த்து எடைக்குக் கேட்கிறார்," என்றார் நண்பர். அதைக் கேட்டதும் மனம் ஒப்பவில்லை. அடையாறில் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சேர்க்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். போனில் பேசினேன். "எந்தக் காரணம் கொண்டும் பிளக்கில் மட்டும் சொருகிடாதீங்க," என்று பதறினார். "நேரா தி. நகருக்கு எடுத்துட்டு வாங்க."

மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது பேராசிரியர் காத்திருந்த அந்த ரிப்பேர் கடை. இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் படியில்தான் நிற்க வேண்டும். மெக்கானிக்குக்குக் குறையாமல் அறுபத்தைந்து வயது இருக்கும். பெட்டியை மடியில் வாங்கிய அவர் திருப்புளியைத் தொடவில்லை. முதலில் மோந்து பார்த்தார். "கன்டென்சர் கருகின வாசம் இல்ல. நல்ல சேதிதான் சார்," என்றார்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையை எடுத்தார். அதில் ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று, அவ்வளவுதான். இதற்குத்தான் சீரிஸ் போர்டு என்று பெயர். மின்சாரம் பல்பின் வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். மெஷினுக்குள் ஷார்ட் இருந்தால் முழு மின்சாரமும் பல்பில் விழுந்து அது பளீரென்று எரியும், மெஷின் தப்பிக்கும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு மங்கும்.

"வீட்டுல பல்பு எரிஞ்சா சந்தோஷம். இங்க மங்கினாத்தான் சார் சந்தோஷம்."

இந்தப் பலகை நாற்பது வருடங்களாக அவரோடு இருக்கிறது. அரக்கோணம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் சென்னைக்கு வந்து, ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1975இல் மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியிருந்தது. 1982இல் ஏசியாட் போட்டிகளோடு கலர் டி.வி. வந்தது. டயனோரா, சாலிடேர் என்று இந்த ஊர்ப் பெயர்கள் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் அது. படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். அணைத்த பிறகும் அது போய்விடாது. ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தது அவருடைய முதலாளி. டி.வி. போய் கம்ப்யூட்டர் மானிட்டர் வந்தது, அதுவும் போய் லேப்டாப் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கற்றார். ஆனால் பழையதை மறக்கவில்லை. அந்த மறக்காத பகுதிதான் இன்று அடையாறு பேராசிரியர் போன்றவர்களை இந்தச் சந்துக்கு வரவைக்கிறது. காம்பாக்கின் அந்தச் சின்னத் திரையும் ஒரு படக்குழாய்தான். இன்றைய சர்வீஸ் சென்டர் இளைஞர்களில் பலர் அதற்குள் கை வைக்க மாட்டார்கள்.

அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த பெட்டி என்பதால் நடுவே ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, சீரிஸ் போர்டில் சொருகினார். பல்பு மின்னி மங்கியது. ஆனால் மின்விசிறி சுழலவில்லை, உள்ளே 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்தது. பவர் சப்ளை உயிரோடுதான் இருந்தது. எங்கோ ஒரு லைன் அதை எழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிச் சோதித்தார். இரண்டரை மணி நேரம். முடிவில் புளியங்கொட்டை அளவுகூட இல்லாத, மஞ்சள் துளி போன்ற ஒரு டான்டலம் கன்டென்சரில் மல்டிமீட்டர் நின்றது. நாற்பது வருடப் பெட்டிகளில் இந்த வகைக் கன்டென்சர்தான் முதலில் ஷார்ட் ஆகும். நேராக பிளக்கில் சொருகினால் சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கவும் செய்யும். பேராசிரியர் பதறியது அதற்காகத்தான்.

மெக்கானிக் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் கைப்பிடியைத் தட்டிக் காட்டி ஒரு கதை சொன்னார். வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் தூக்குக் கணினி காம்பாக் அல்ல, 1981 ஏப்ரலில் வந்த ஆஸ்போர்ன் 1. ஐந்து அங்குலத் திரை, பதினொரு கிலோ எடை, விலை 1,795 டாலர். வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். நிறுவனத்தை நடத்திய ஆடம் ஆஸ்போர்னின் பிள்ளைப் பிராயம் திருவண்ணாமலையில் கழிந்தது. அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர், 'மவுன்டன் பாத்' இதழைத் தொடங்கியவர். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் அவரைச் சிறை வைத்திருந்தபோது தாயும் பிள்ளைகளும் மலையடிவாரத்தில் காத்திருந்தார்கள். ஆடம் தமிழ் பேசி வளர்ந்தவர். அவருடைய நிறுவனம் 1983 செப்டம்பரிலேயே திவாலானது. கடைசியில் நோயாளியாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003இல் கொடைக்கானலில் இறந்தார்.

அந்தப் பதினொரு கிலோ பெட்டியில் பேட்டரிகூடக் கிடையாது. எங்கே கொண்டுபோனாலும் அங்கே மின்சாரம் வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்வதற்காக வைத்த கைப்பிடி அல்ல அது. இன்னொருவர் வீட்டுக்கு, இன்னொருவர் மேஜைக்குக் கொண்டுபோவதற்காக வைத்தது.

பேராசிரியரைப் போல இந்தப் பெட்டிகளைச் சேர்க்கிறவர்களின் அடையாறு வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அவற்றை வைத்திருக்கும் முறையைப் பார்த்தபோது கைப்பிடியின் பொருள் எனக்கு இன்னும் விளங்கியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரத்துத் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தபோது, அவர்களில் ஒருவர் இருபது வருடச் சேகரிப்பை ஓர் இரவில் இழந்தார். அதிலிருந்து யாரும் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைப்பதில்லை. உப்புக்காற்று கனெக்டர்களைத் தின்றுவிடும் என்பதால் பெசன்ட் நகர்க்காரரின் பெட்டிகள் மயிலாப்பூரில் தங்குகின்றன. 360 கே.பி. டிரைவில் எழுதிய நல்ல பிளாப்பிகள் ஒருவரிடம் இருக்கும், தேவைப்படுகிறவர் இரவல் வாங்கிப் போவார். காம்பாக்கின் விசைகளுக்கு அடியில் இருக்கும் நுரைவட்டங்கள் காலப்போக்கில் பொடியாகிவிடும். எண்பத்து மூன்று விசைகளுக்கும் புதிய வட்டங்களைக் கையால் வெட்டிக் கொடுப்பது இந்திரா நகரில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி. 2011இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப் ஒன்றையும் இவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். இப்போது அதே வகை லேப்டாப்புகள் மெக்கானிக்கின் அலமாரியில் உதிரிபாகங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் இந்த வட்டத்துக்கு வெளியே நடப்பது வேறு. ஆபீஸ் சாமான்களை மொத்தமாக ஏலம் எடுக்கிறவர் எடைக்கு வாங்கி, போர்டை உடைத்துச் செம்புக்கும் தங்கத்துக்கும் விற்கிறார். இன்னொரு வகைத் தரகர் இருக்கிறார். அவர் இதே சந்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கித் துடைத்து, 'அபூர்வம்' என்று எழுதிப் பல மடங்குக்கு விற்கிறார். இருவருமே அந்த மெஷினை ஒருமுறைகூட ஓட வைத்தவர்கள் அல்ல. ஓட வைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? போன மாதம் ஒருவர் இந்த மெக்கானிக்கிடம் கேட்டாராம்: "கன்டென்சர் அஞ்சு ரூபாதானே, எதுக்கு எழுநூறு?"

அந்தக் கேள்வியில்தான் நம் ஊரின் அநியாயம் இருக்கிறது. பொருளுக்கு விலை கொடுப்போம், பழுதைக் கண்டுபிடித்த இரண்டரை மணி நேரத்துக்குக் கொடுக்க மாட்டோம். "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்போம். அந்தச் சும்மாவுக்குள் நாற்பது வருடம் இருக்கிறது. டாக்டரிடம் அப்படிச் சொல்வோமா? கண்டுபிடிக்கும் அறிவுக்குக் கூலி இல்லாத தொழிலுக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள். இவருடைய மகன் வரவில்லை. கடையில் சிஷ்யனும் இல்லை. நாளை பெட்டிகள் இருக்கும், திறக்க ஆள் இருக்காது. அடையாறு வட்டம் ஒரு விதி வைத்திருக்கிறது: மெஷின் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் பார்த்த நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். பழைய பொருளை நேசிப்பதாகச் சொல்லும் ஒவ்வொருவரும் இந்த விதியைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும்.

புதிய கன்டென்சர் ஏறியதும் மறுபடி சீரிஸ் போர்டு. பல்பு மின்னி மங்கியது. இம்முறை டிக் சத்தம் இல்லை. பல்பை விலக்கி நேர் லைன் கொடுத்தார். மின்விசிறி இரைந்தது, திரை மெல்லப் பச்சையானது, பேராசிரியர் கொண்டுவந்த பிளாப்பியை டிரைவ் கரகரவென்று படித்தது. எழுத்துகள் தோன்றியபோது நண்பர் எதுவும் பேசாமல் விசைப்பலகையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

கூலி எண்ணூறு என்றார் மெக்கானிக். நண்பர் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார், அவர் தயங்கித்தான் வாங்கினார். கிளம்பும்போது சுவரில் மாட்டிய பலகையைக் காட்டி, "சார், மயிலாப்பூர் பக்கம் பழைய எலெக்ட்ரிக் கடையில நூறு வாட்ஸ் குண்டு பல்பு பார்த்தா ரெண்டு வாங்கி வைங்க. எல்.ஈ.டி. இந்த வேலைக்கு ஆகாது. இப்பெல்லாம் கிடைக்க மாட்டேங்குது," என்றார்.

மறுநாள் லஸ்ஸில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில், தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் நான்கு இருந்தன. நான்கையும் வாங்கிக்கொண்டு மாம்பலத்துக்கு பஸ் ஏறினேன்.