கிழக்குக் கரையோரம் – 5: கல்முனையில் பார்த்த கிகாலி

கல்முனைப் பக்கம் சைக்கிளோட்டம் பார்க்க ஆட்கள் கூடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கிரிக்கெட்டுக்குக் கூடுவார்கள், உதைபந்தாட்டத்துக்குக் கூடுவார்கள். அது கரையோரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் 2025 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சாய்ந்தமருதில் சைக்கிள் திருத்தும் கடையொன்றின் வாசலில், கிறீஸ் தகரத்தில் சாய்த்துவைத்த ஒரு போனைச் சுற்றிப் பெரிய கூட்டம் நின்றது. ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் நடந்துகொண்டிருந்த உலக வீதிச் சைக்கிளோட்டச் சாம்பியன் போட்டியை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தக் கடைக்குப் போனது கோபத்தில். கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, கிட்டடியில் இருந்த சாய்ந்தமருதுக்கு ஓட்டோ பிடித்தேன். இறங்கும்போது 800 ரூபா கேட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் அதே தூரத்துக்கு என்ன கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். வாதாடினேன். பையில் கனம் இருப்பதையும் பேச்சில் யாழ்ப்பாணம் இருப்பதையும் கண்டுதான் அந்த விலை வந்தது. ஒரு ஊரைப்பற்றி வெளியூர்க்காரன் முதலில் அறிவது அந்த ஊர் ஓட்டோவைத்தான். கூடுதலாகக் கேட்ட ஐந்நூறு ரூபாவுக்காக ஒரு முழு ஊரின் பெயரைக் கெடுக்கும் உரிமையை அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு யார் கொடுத்தது? இனி இந்த ஊரில் சைக்கிளில்தான் திரிவது என்று முடிவுகட்டி, வாடகைக்கு ஒரு சைக்கிள் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பின்சில்லைக் கவிழ்த்துவைத்து ஸ்போக் இறுக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்:

“வாடகையெல்லாம் இல்ல சேர். நாளைக்குக் காலையில வந்து ஒண்ட எடுத்துட்டுப் போங்க. இப்ப இதில இரிங்க. ஓட்டம் இப்பதான் சூடு புடிக்குது.”

ஓட்டோவுக்கு 800 ரூபா கேட்ட அதே ஊர், சைக்கிளைச் சும்மா தந்தது. இரண்டையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

சைக்கிளோட்டத்தில் இவர்களுக்கு எப்படி இவ்வளவு பிடிப்பு வந்தது? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் விளக்கினார். 2022இல் பெற்றோல் இல்லை. ஷெட் வாசலில் இரவு பகலாக வரிசை. வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பழசைத் திருத்தக் காக்காவின் கடையில் நள்ளிரவுவரை ஆட்கள் நின்றார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் பலர் சைக்கிளை மறந்துவிட்டார்கள். சிலரால் மறக்க முடியவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவர்கள் காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளி வழியாக அம்பாறை வீதியில் வயல்வெளிக்குள் ஓடத் தொடங்கினார்கள். பிறகு உலகத்தில் யார் யார் எப்படி ஓடுகிறார்கள் என்று போனில் தேடத் தொடங்கினார்கள்.

மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் வேகம் குறைப்பார்களாம். 2024 நவம்பர் 26இல் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன இடம் அது. “அந்த இடத்தில உழக்க மனம் வராது” என்றார் தம்பி. அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி ஓட்டம். ஆபிரிக்க மண்ணில் இந்தச் சாம்பியன் போட்டி நடப்பது இதுவே முதல் தடவை. ஆண்களுக்கு 267.5 கிலோமீற்றர். தூரத்தைவிட ஏற்றம் கொடியது: எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் 5,400 மீற்றருக்கு மேல். பிதுருதலாகலை மலையைக் கடல் மட்டத்திலிருந்து இரண்டு தடவை ஏறினாலும் அதற்குச் சற்றுக் குறைவுதான். எங்கள் நேரப்படி மதியம் ஒன்றேகாலளவில் தொடங்கிய ஓட்டம் இரவுவரை நீண்டது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலைந்து பள்ளிக்குப் போனது. திரும்பி வந்தபோது ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பாய்ஞ்சிட்டானா?”

ஸ்லோவேனியாவின் தாதேய் பொகாச்சரைத்தான் கேட்டார்கள். அதுவரை நான்கு தடவை ‘தூர் த பிரான்ஸ்’ வென்றிருந்தவர். முந்தின வருடம் சூரிச்சில் நூறு கிலோமீற்றர் மிச்சமிருக்கும்போதே கூட்டத்தை உடைத்துப் போய் உலகப் பட்டம் எடுத்தவர். ஆனால் இந்தத் தடவை ஒரு கணக்கு பாக்கியிருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால், செப்டெம்பர் 21இல், அதே கிகாலியில் நேரத்துக்கு எதிரான தனி ஓட்டம் நடந்தது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் இரண்டரை நிமிடம் பிந்திப் புறப்பட்டு, பொகாச்சரை வழியிலேயே பிடித்து முந்திப் போனார். அன்று பொகாச்சருக்கு இருபத்தேழாவது பிறந்தநாள். அந்த அவமானத்துக்குப் பதில் எப்போது வரும் என்பதுதான் கடையில் நின்ற எல்லோருடைய நெஞ்சிலும் இருந்தது.

பதில் ஐந்து மணியளவில் வந்தது. இன்னும் 104 கிலோமீற்றர் இருக்கும்போது, கிகாலி மலை ஏற்றத்தில் பொகாச்சர் பாய்ந்தார். தம்பிமார் கத்திய கத்தில் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

காக்கா கத்தவில்லை. சில்லைக் கீழே வைத்தார்.

“இவன் இப்பவே போனா, மறுகா என்ன ஓட்டம் இரிக்கி? நாங்க ரெண்டு மணித்தியாலம் ஆரப் பாக்கிற?”

அதிலிருந்து பிடித்தது சண்டை. “கடைசி ரெண்டு கிலோமீற்றர்ல ஒருத்தன்ட முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சி வந்து வெல்லுறதா காக்கா பெரிசு? நூறு கிலோமீற்றர் மிச்சமிருக்கப் பாய்ஞ்சி காத்த அறுத்துட்டுப் போறான், அதப் பாருங்க” என்றார் பல்கலைக்கழகத் தம்பி. இன்னொருவர், “எல்லா ஓட்டத்தையும் இவனே வெண்டா சின்னப் பெடியனுகள் என்னத்துக்கு ஓடுற?” என்று காக்காவின் பக்கம் சேர்ந்தார். குரல்கள் ஏறின. ஒருவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். ஆனால் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. வாதத்தின் நடுவே என் கோப்பை காலியாவதையும் கவனித்து இன்னொரு இஞ்சிப் பிளேன்டீ வைத்தார்கள். எங்கள் பக்கத்து விளையாட்டு மைதானங்களில் நான் கேட்ட பேச்சுகளோடு ஒப்பிட்டு வெட்கப்பட்டேன்.

காக்காவுக்கு இந்த விடயத்தில் அனுபவம் உண்டு. இளமையில் ஊர்க் கழகங்களின் ஓட்டங்களில் ஓடியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சைக்கிள் ஓடிய மொறிஸ் குமாரவேலின் கதையைத் தன் வாப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். காற்றைப்பற்றி அவர் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. கச்சான் காற்று வயல்பக்கமிருந்து வரும். அக்கரைப்பற்றுக்குப் போகிறவனுக்கு அது வலக்கைப் பக்கத்தில் அடிக்கும். அப்போது முன்னே போகிறவனுக்கு நேர் பின்னால் போனால் ஒதுக்கு கிடைக்காது. அவனுக்கு இடப்பக்கம் சரிந்து, கொஞ்சம் பின்தங்கிப் போகவேண்டும். இப்படியே ஒருவருக்கொருவர் சரிந்து போகும்போது வீதியின் அகலம் முடிந்துவிடும். இடம் கிடைக்காத கடைசி ஆள் காற்றில் தனியே விடப்படுவான். “அவன்தான் முதல்ல உடைவான். ஏலாதவன் இல்ல, ஒதுக்கு இல்லாதவன்” என்றார். ஐரோப்பாவின் பெரிய ஓட்டங்கள் பலவற்றின் முடிவைத் தீர்மானிக்கிற விதி அதுதான். பொகாச்சர் செய்ததன் பெருமையும் அந்த விதியில்தான் தெரிகிறது: ஒதுக்கு வேண்டாம் என்று தானாகவே வெளியே போனவர் அவர்.

சண்டையை முடித்துவைத்தது எவனபூலின் சைக்கிள். குழியொன்றில் சில்லு விழுந்து அவருடைய சீற் இறங்கிவிட்டது. இறங்கி மாற்றினார். மாற்றிய சைக்கிளும் உடம்புக்குச் சரிவரவில்லை. வீதியோரத்தில் நின்று, கையை விரித்து, மூன்றாவது சைக்கிளுக்காகக் காத்திருந்தார். திருத்தும் கடையில் நின்றவர்கள் அல்லவா, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வாய் திறந்தது. சீற்றை எத்தனை இறுக்கு இறுக்கவேண்டும், அளவு மாறினால் முழங்கால் எப்படி நோகும், ஓட்டத்துக்கு முன் யார் சரிபார்த்திருக்கவேண்டும் என்றெல்லாம் பேச்சு. பொகாச்சரின் ஆட்கள்கூட எவனபூலுக்காக இரங்கினார்கள். ஒருவருடைய உழைப்பு ஓர் ஆணியில் தங்கியிருப்பதை அந்தக் கடையில் தெரியாதவர் இல்லை.

அப்போதுதான் பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளை எடுக்க ஒரு பாடசாலைப் பிள்ளை வந்தாள். போனை எட்டிப் பார்த்து, “பொம்புளயளுக்கு இல்லையா மாமா?” என்று காக்காவைக் கேட்டாள். நேற்று நடந்து முடிந்தது, கனடாவின் மக்டலின் வலியேர் யாரும் எதிர்பாராமல் வென்றார் என்று தம்பி சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, சில்லை ஒருமுறை அமத்திப் பார்த்து, ஏறிப் போனாள். இந்தக் கரையோரத்தில் காலையில் வீதியை நிறைப்பது வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாகச் சைக்கிளில் போகும் பெண்பிள்ளைகள்தான். அவர்களுக்கு வீதியோரத்தில் பாதுகாப்பான ஒரு தடம்கூட இல்லை. லொறிக்கும் வடிகானுக்கும் நடுவில் ஓடுகிறார்கள். இதைப் பார்த்துப் பழகிவிட்டோம் என்பது மன்னிக்கக்கூடிய காரணமல்ல.

மஃரிப் தொழுகைக்கு மறுபடியும் கலைந்தார்கள். நானும் பள்ளியடிவரை போனேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யும் இடம் கண்ணாடி மாதிரி. தண்ணீர் சிந்திய தடம்கூடத் துடைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் பிளாஸ்டிக் பை, கோழித் தூவல், பம்பேர்ஸ். 2004 சுனாமியில் இந்தக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன கடல் அது. அதன் ஓரத்தைக் குப்பைமேடாக்கி வைத்திருப்பது எனக்கு நெஞ்சில் குத்தியது. பள்ளிக்குள் இருக்கும் சுத்தம் ஏன் மதிலுக்கு வெளியே வருவதில்லை? என் ஊருக்கும் கோயில் வீதிக்கும் இதே கேள்வியைக் கேட்கிறேன்.

திரும்பி வந்தபோது பொகாச்சர் தனியே போய்க்கொண்டிருந்தார். பாய்ந்த பிறகு அவரோடு கூட வந்த மெக்சிக்கோக்காரர் டெல் டோரோ விடுபட்டுப்போயிருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த காக்காவின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது: இடியப்பம், இறால் கறி, மாசிச் சம்பல், கடைசியில் சட்டியோடு எருமைத் தயிரும் பாணியும். இறால் கறியில் தேங்காய்ப்பால் முற்றிக் குறுகி எண்ணெய் மேலே நின்றது. முருங்கையிலை ஒரு கொத்துப் போட்டிருந்தார்கள். இடியப்பத்தின் இழை அறாமல் கறியை வாங்கிக்கொண்டது. போதும் என்று கையைப் பொத்தினால், “உம்மாட மனசு நோகும்” என்று மேலும் இரண்டு வைத்தார்கள். தயிர் கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருந்தது. கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாப்பிட்ட எதையும் அதற்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன்.

சாப்பிடும்போதுதான் காக்கா ஓட்டத்தை விட்டுச் சனத்தைப் பார்க்கத் தொடங்கினார். கிகாலியின் ஒவ்வொரு சரிவிலும் ஆட்கள். கல்பதித்த கிமிஹுருரா ஏற்றத்தில் மதிலிலும் திண்ணையிலும் கால்வைக்க இடமில்லை. அந்த வாரம் நகரத்துப் பாடசாலைகளையே மூடிவிட்டார்கள். 1994இல் நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் பேரளவில் கொல்லப்பட்ட நாடு. உருளைக்கிழங்கு மூட்டையையும் வாழைக்குலையையும் பால்கேனையும் சைக்கிளில் ஏற்றி அந்த மலைகளில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். அந்த ஏற்றம் எப்படி நோகும் என்று அவர்களுடைய காலுக்குத் தெரியும். அதனால் முதல் ஆளுக்கு அடித்த கைதட்டை, வெகுவாகப் பிந்தி வந்தவனுக்கும் குறைக்காமல் அடித்தார்கள்.

“நாங்களும் இப்பிடித்தான் சேர் நிப்பம்” என்றார் காக்கா. “ஒரு ஓட்டம் இந்த ரோட்டால வந்தா.”

6 மணி 21 நிமிடம் 20 செக்கனில் பொகாச்சர் முடித்தார். எவனபூல் ஒரு நிமிடம் 28 செக்கன் பிந்தி இரண்டாவது, அயர்லாந்தின் பென் ஹீலி மூன்றாவது. புறப்பட்ட 165 பேரில் முப்பது பேர்தான் முடித்தார்கள். நேரத்தோடே ஓட்டத்தைக் கொன்றுவிட்டான் என்று சண்டை பிடித்த காக்காதான் முதலில் கைதட்டினார். பிறகு கேட்டார்: “அந்த முப்பதாவது ஆள் ஆரு?” தம்பிமார் போனைத் தேய்க்கத் தொடங்கினார்கள். உலகத்தின் எந்த விளையாட்டுத் தொலைக்காட்சியும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எட்டு மணிக்குத் துபாயில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். வெள்ளிக்கிழமை பத்தும் நிசங்க சதமடித்தும் இலங்கை சூப்பர் ஓவரில் தோற்ற கவலை ஊருக்கு இன்னும் ஆறவில்லை. கூட்டம் நகர்ந்தது. காக்கா கடையைப் பூட்டினார்.

மறுநாள் அவருடைய சைக்கிளில் தெற்கே போனேன். காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்த மண், நிந்தவூர், ஒலுவில் துறைமுகத்தால் அரித்துப்போன கரை. எல்லாவற்றையும் பார்த்தேன், வெயிலில் ரசிக்க முடியவில்லை. அவற்றைப்பற்றி என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கல்முனையிலிருந்து பொத்துவில்வரை எழுபது கிலோமீற்றரளவில் மேடுபள்ளமில்லாத ஏ4 வீதி கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், கச்சான் காற்று இலவசம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகிற பாதை இது. பல வருடமாக ஒருவர் ஊரை மற்றவர் அவசரமாகக் கடந்துபோன பாதையும் இதுதான். வீதியோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அது ஒவ்வொரு வீட்டுப் படலையடிக்கும் தானாக வரும். காரைதீவில் நிற்பவரும் நிந்தவூரில் நிற்பவரும் ஒரே ஆளுக்குக் கைதட்ட வேறு என்ன விளையாட்டு இருக்கிறது? ஒரு நாள் வீதியை மூடுங்கள், குழிகளை நிரப்புங்கள், மாகாண சபைக்கும் விளையாட்டு அமைச்சுக்கும் இது பெரிய செலவல்ல. பார்ப்பதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நான் அவர்களோடு இருந்து சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்.