ஹவுராவில் எழுந்த எட்டு மணி நேரக் கோரிக்கை

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை இந்தியாவில் மிக முன்னதாக எழுந்த இடங்களில் ஒன்று, கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹவுரா. 1862-இல் அங்கே சுமார் 1,200 ரயில்வே தொழிலாளர்கள் அதற்காக வேலைநிறுத்தம் செய்தனர். இதே கோரிக்கைக்கான சிகாகோ தொழிலாளர் போராட்டம் நடந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்துத்தான்.

ஊதியத்துடன் கூடிய விடுப்பு பின்னரே வந்தது. பிரான்சில் 1936-இல் சட்டம் இரண்டு வாரம் அளித்தது. இன்று அது ஐந்து வாரம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் குறைந்தது நான்கு வாரம். செல்வம் மிகுந்த அமெரிக்காவிலோ தனியார் ஊழியருக்கு நாடு தழுவிய ஆண்டு விடுப்புச் சட்டமே இல்லை. ஓய்வை நாட்டின் வருமானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டமும் தொழிற்சங்க வலிமையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஹவுரா அமைந்துள்ள மேற்கு வங்கத்தின் 1963-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஓராண்டு பணி முடித்தவருக்கு 14 நாள் முழு ஊதிய விடுப்பு தருகிறது. துர்கா பூஜையின்போது அலுவலக ஊழியர்களின் குடும்பங்கள் பூரிக்கும் டார்ஜிலிங்குக்கும் பயணம் போக முடிவது இத்தகைய உரிமைகளால்தான். ஆனால் கைரிக்‌ஷா இழுப்பவருக்கும், கொல்கத்தாவின் படாபஜார் சந்தையில் சுமை தூக்குபவருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் வேலைக்குப் போகாத நாள் பெரும்பாலும் கூலி இல்லாத நாள். அவர்களுக்கும் ஊதியத்தோடு ஓய்வு கிடைக்கும்போதுதான் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகச் சொல்ல முடியும்.